எதிர்ப்பொருளா, டி.என்.ஏ.வா? நுரையீரல் நிராகரிப்பை முன்கூட்டிச் சொல்லும் இரண்டு ரத்தச் சோதனைகள்

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நாள்பட்ட நிராகரிப்பு வந்துவிடுகிறது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் பெற்றவர்களைவிட நுரையீரல் பெற்றவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். அறுவை சிகிச்சை நேர்த்தியாக முடிந்து, தையல் ஆறி, ஆக்சிஜன் சிலிண்டரை ஓரங்கட்டிவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியவர்கூட மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ மாடிப்படியில் மூச்சு வாங்கி நிற்கிறார். அந்த நாள் வருமா, வந்தால் எப்போது வரும் என்பதைச் சில குப்பி ரத்தத்திலிருந்து முன்னதாகவே சொல்ல முடியுமா? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வுகளில் இரண்டு சோதனைகள் முன்னுக்கு வந்திருக்கின்றன. ஒன்று, கொடையாளரின் திசுவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. மற்றொன்று, கொடையாளரின் நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கசியும் டி.என்.ஏ.வை அளக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

மனிதருக்கு முதன்முதலாக நுரையீரல் மாற்றியவர் ஜேம்ஸ் ஹார்டி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1963ஆம் ஆண்டு ஜூனில் அது நடந்தது. நோயாளி 18 நாட்கள் உயிரோடு இருந்தார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் உலகில் எங்கும் நிலைத்த வெற்றி கிட்டவில்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பின், 1983இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜோயல் கூப்பர் தலைமையிலான குழு செய்த அறுவை சிகிச்சைதான் நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் ஆயுளைத் தந்தது. ஆனால், அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் ஒரு புதிய சிக்கலை எழுதிவைத்தார்கள். இதயமும் நுரையீரலும் சேர்த்துப் பெற்றவர்களில் சிலருக்கு நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் வடுக்கட்டி அடைபட்டுக்கொண்டிருந்தன. நாள்பட்ட நிராகரிப்பின் முதன்மை வடிவமாக இன்று நாம் அறிவது அதைத்தான். நுரையீரல் முழுதுமே இறுகிச் சுருங்கும் இன்னொரு வடிவத்தை 2011இல் டொராண்டோ குழு தனியே பிரித்துக் காட்டியது. இரண்டில் அதுவே கொடியது. அது வந்தவர்களில் பலரின் ஆயுள் மாதங்களில் எண்ணப்படுகிறது.

இந்த நோயை உறுதிசெய்வது இன்றும் ஊதும் சோதனைதான். மூச்சை முழுதாக இழுத்து, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வேகமாக வெளியே தள்ள முடிகிறது என்று ஸ்பைரோமீட்டர் அளக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிடைத்த மிகச் சிறந்த இரண்டு அளவுகளின் சராசரியே அந்த நோயாளியின் அடிப்படை அளவு. அதிலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து, வேறு காரணம் இல்லாமல், அந்தக் குறைவு நிலைத்துவிட்டால் நாள்பட்ட நிராகரிப்பு என்று 2019ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை சொல்கிறது. ஒருவர் 3 லிட்டர் ஊதிக்கொண்டிருந்தார் என்றால், 2.4 லிட்டருக்கு இறங்கிய பிறகே இந்த முடிவுக்கு வர முடியும். அதற்குள் எத்தனையோ நுண்குழாய்கள் வடுவாகியிருக்கும். வடுவை எந்த மருந்தாலும் கரைக்க முடியாது. அசித்ரோமைசின் என்ற மருந்து சிலருக்குக் கைகொடுக்கிறது. ரத்தத்தின் வெள்ளணுக்களை வெளியே எடுத்து, புறஊதா ஒளி காட்டித் திருப்பி அனுப்பும் சிகிச்சை சிலருக்குச் சரிவைத் தடுத்து நிறுத்துகிறது. போன மூச்சு பெரும்பாலும் திரும்புவதில்லை.

பயாப்ஸி செய்து பார்க்கலாமே என்று தோன்றும். மூச்சுக்குழாய் வழியே குழாயை இறக்கி, நுரையீரலிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுக்கிறார்கள். நோயோ திட்டுத் திட்டாகப் பரவுவது. கிள்ளிய இடம் நன்றாக இருந்து, பக்கத்து இடம் கெட்டிருக்கலாம். ரத்தக் கசிவும், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே அதை அடிக்கடி செய்ய முடியாது. ரத்தச் சோதனையின் தேவை இங்கேதான் எழுகிறது.

எதிர்ப்பொருள்: படை திரண்டதா என்று பார்ப்பது

ஒவ்வொருவரின் உயிரணுக்களின் மேலும் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. கொடையாளரின் அடையாளம் வேறாக இருந்தால், பெறுநரின் உடல் அதற்கென்றே எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். இது எவ்வளவு ஆபத்தானது என்பதை ரமண்பாய் பட்டேலும் பால் தெரசாகியும் 1969இல் சிறுநீரக நோயாளிகளிடம் காட்டிவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே கொடையாளருக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்த 30 பேரில் 24 பேருக்குப் புதிய சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது. எதிர்ப்பொருள் இல்லாத 195 பேரில் அப்படி நடந்தது எட்டுப் பேருக்குத்தான். அன்றிலிருந்து சிறுநீரக மாற்று மருத்துவத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்காமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை.

நுரையீரலில் பெரிய தொல்லை தருவது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாகத் தோன்றும் எதிர்ப்பொருள். பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே அது தலைகாட்டுகிறது. டி.க்யூ. என்ற வகை அடையாளத்துக்கு எதிராகத் தோன்றுவதே அதிகம். இந்தப் புதிய எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு நாள்பட்ட நிராகரிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதைப் பல மையங்களின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நுரையீரல் இறுகும் அந்தக் கொடிய வடிவத்தோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ நூறு வகை. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு சாயங்களைக் கலந்த தனி நிறம். ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஓர் எச்.எல்.ஏ. புரதம். நோயாளியின் சீரத்தை இந்த மணிகளோடு கலந்து வைப்பார்கள். சீரத்தில் எந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதோ, அந்த மணியில் போய் அது ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம் பூட்டிய இன்னொரு எதிர்ப்பொருளைச் சேர்த்து, மணிகளை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடுவார்கள். மணியின் நிறம் எந்த எதிர்ப்பொருள் என்று சொல்லும். ஒளியின் அளவு எவ்வளவு என்று சொல்லும். இந்த ஒளி அளவைத்தான் ஆய்வக அறிக்கையில் 2,000 என்றும் 8,000 என்றும் பார்க்கிறோம்.

டி.என்.ஏ.: அடி விழுகிறதா என்று பார்ப்பது

உயிரணு இறக்கும்போது அதன் டி.என்.ஏ. துண்டுதுண்டாகி ரத்தத்தில் கலக்கிறது. தாயின் ரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. இருப்பதை 1997இல் கண்டறிந்த டென்னிஸ் லோ, அடுத்த ஆண்டே அதே கண்ணோடு உறுப்பு மாற்று நோயாளிகளைப் பார்த்தார். ஆணின் உறுப்பைப் பெற்ற பெண்களின் பிளாஸ்மாவில் ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோமின் துண்டுகள் மிதந்தன. உறுப்பு அடிவாங்கினால் அதன் டி.என்.ஏ. ரத்தத்தில் கூடும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. ஆனால், அந்த வழி பெண்ணுக்கு ஆணின் உறுப்பு வைத்தால் மட்டுமே உதவும்.

அந்தத் தடையை ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீபன் குவேக் குழு 2011இல் உடைத்தது. மனிதருக்கு மனிதர் மரபணுத் தொடரில் ஒற்றை எழுத்து வேறுபாடுகள் லட்சக்கணக்கில் உண்டு. கொடையாளரும் பெறுநரும் எந்தெந்த இடத்தில் வேறுபடுகிறார்கள் என்று தெரிந்தால், ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் எது யாருடையது என்று பிரித்துவிடலாம். முதலில் இதய நோயாளிகளிடமும், 2015இல் நுரையீரல் நோயாளிகளிடமும் இதைச் செய்து காட்டினார்கள். அதே தரவில் வைரஸ், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் கிடைத்ததால் தொற்றுகளையும் கூடவே பார்க்க முடிந்தது.

முன்கணிப்பு என்ற வகையில் மிக முக்கியமான ஆய்வை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு 2019இல் வெளியிட்டது. ஷான் அக்போர்-எனோவும் ஹன்னா வாலன்டைனும் அதன் முக்கிய ஆய்வாளர்கள். 106 நுரையீரல் நோயாளிகளிடம் அறுவை சிகிச்சைக்குப் பிறகான முதல் மூன்று மாதங்களில் பலமுறை ரத்தம் எடுத்து, கொடையாளர் டி.என்.ஏ.வின் சராசரியைக் கணக்கிட்டார்கள். பிறகு அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி உயர்ந்திருந்தவர்களுக்கு நுரையீரல் செயலிழக்கும் அல்லது உயிர் போகும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் அவர்களில் பலரிடம் வெளித்தெரியும் அறிகுறி எதுவும் இருக்கவில்லை. பின்னாளில் வரப்போகும் கேட்டின் விதை முதல் மூன்று மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது என்பதுதான் இந்த ஆய்வு தரும் பாடம்.

நான்கு அளவுகோல்கள்

முதல் அளவுகோல், எதை அளக்கிறது என்பது. எதிர்ப்பொருள் சோதனை காரணத்தைப் பார்க்கிறது, டி.என்.ஏ. சோதனை விளைவைப் பார்க்கிறது. எதிர்ப்பொருள் இருந்தும் நுரையீரல் அமைதியாக இருக்கலாம். எதிர்ப்பொருள் இல்லாமலே நுரையீரல் சிதையலாம். இரைப்பை அமிலம் மேலேறி மூச்சுக்குழாயில் இறங்குவது, வைரஸ் தொற்று, டி-அணுக்கள் என்ற வெள்ளணுக்களின் நேரடித் தாக்குதல் எல்லாமே நாள்பட்ட நிராகரிப்புக்கு வழிவகுக்கும். இவற்றில் எதையும் எச்.எல்.ஏ. மணிகள் காட்டாது. டி.என்.ஏ.வோ யார் அடித்தாலும் காட்டும். யார் அடித்தார்கள் என்று மட்டும் சொல்லாது.

இரண்டாவது, நேரம். எதிர்ப்பொருளின் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம். ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வின் அரை ஆயுள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே இன்று காலை எடுத்த டி.என்.ஏ. அளவு இன்றைய நிலையைச் சொல்கிறது. எதிர்ப்பொருள் அளவு கடந்த சில வாரங்களின் கதையைச் சுமந்து வருகிறது. சிகிச்சை பலித்ததா என்று சட்டென்று தெரிய வேண்டுமானால் டி.என்.ஏ.வுக்கே முதலிடம். எதிர்ப்பொருளால் வரும் நிராகரிப்பை மருத்துவர்கள் உறுதிசெய்வதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே டி.என்.ஏ. உயரத் தொடங்கியிருந்ததை 2018ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. நுரையீரல் நோயாளிக்கு மூன்று மாதம் என்பது பெரிய அவகாசம்.

மூன்றாவது, எங்கே தவறும் என்பது. எதிர்ப்பொருள் சோதனையின் ஒளி அளவு உண்மையில் செறிவு அல்ல. ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருக்கும்போதே அளவு பொய்யாகக் குறைந்து தெரிவதும் உண்டு. நுரையீரலே எதிர்ப்பொருளை உறிஞ்சிக்கொண்டு ரத்தத்தில் ஒன்றும் இல்லாததுபோலக் காட்டுவதும் உண்டு. தோன்றிய எதிர்ப்பொருள் சில மாதங்களில் தானே மறைந்துபோகும் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

டி.என்.ஏ.வின் குறைகள் வேறு மாதிரி. அறிக்கை சொல்வது ஒரு சதவீதம். மொத்தத் துண்டுகள் ஆயிரத்தில் கொடையாளருடையவை பத்து என்றால் 1 சதவீதம். அன்றைக்கு நோயாளிக்குக் காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ இருந்து, அவருடைய சொந்த டி.என்.ஏ. இரட்டிப்பானால், அதே பத்துத் துண்டுகள் அரை சதவீதமாகிவிடும். நுரையீரலில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் எண் பாதியாகியிருக்கும். ரத்தம் எடுக்கும் குழாய்க்கும் இதில் பங்கு உண்டு. வெள்ளணுக்கள் உடையாமல் காக்கும் தனிக் குழாயில் எடுக்காமல் சாதாரணக் குழாயில் எடுத்து, ஆய்வகத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானால், வழியிலேயே நோயாளியின் அணுக்கள் உடைந்து கொடையாளர் பங்கை நீர்த்துப்போகச் செய்யும். ஒற்றை நுரையீரல் பெற்றவரிடம் கசிவதற்கு இருக்கும் திசுவே பாதிதான். இரட்டை நுரையீரல் பெற்றவரின் எல்லைக்கோட்டை அவருக்கு அப்படியே பொருத்த முடியாது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாட்களில், குளிரில் வைத்துக் கொண்டுவந்த நுரையீரலில் ரத்தம் மீண்டும் பாயும்போது ஏற்படும் காயத்தால் அளவு மிக அதிகமாக இருக்கும். பயாப்ஸி செய்த உடனேயும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நுரையீரல் வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடக்கும் உறுப்பு. சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸ் இறங்கினாலும் டி.என்.ஏ. ஏறும். அதை நிராகரிப்பு என்று எண்ணி ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தால் தொற்று வலுத்துவிடும்.

நான்காவது, தெரிந்த பிறகு என்ன செய்யலாம் என்பது. எதிர்ப்பொருள் தெரிந்தால் குறிவைக்க ஓர் இலக்கு இருக்கிறது. பிளாஸ்மாவை மாற்றி அதை வடிகட்டலாம், இம்யூனோகுளோபுலின் ஏற்றலாம், அதை உற்பத்தி செய்யும் அணுக்களை அடக்கும் மருந்துகள் தரலாம். ஆனால், இலக்கு இருப்பதாலேயே வெற்றி கிடைத்துவிடாது. புதிய எதிர்ப்பொருள் தோன்றாமலே தடுக்கலாம் என்று பெலட்டாசெப்ட் என்ற மருந்தை நுரையீரல் நோயாளிகளிடம் முன்னோட்டச் சோதனையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற பிரிவில் இறப்புகள் கூடியதால் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. டி.என்.ஏ. உயர்வோ எந்த மருந்தையும் நேராகச் சுட்டுவதில்லை. சளி மாதிரி, சி.டி. ஸ்கேன், எதிர்ப்பொருள், பயாப்ஸி என்று தேடலைத் தொடங்கு என்பதே அதன் ஆணை.

இரண்டையும் சேர்த்து வாசித்தால்

இந்த ஒப்பீட்டில் ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது என்று தீர்ப்புச் சொல்வது தவறான மருத்துவமாகிவிடும். தனித்தனியே குறையுள்ள இரண்டும் ஒன்றாக வாசிக்கப்படும்போது தெளிவு பிறக்கிறது.

டி.என்.ஏ. உயர்ந்து, எதிர்ப்பொருளும் இருந்தால், எதிர்ப்பொருள் வெறுமனே மிதக்கவில்லை, நுரையீரலைத் தாக்குகிறது என்று கொள்ள வலுவான காரணம் இருக்கிறது. காத்திருக்க நேரமில்லை. டி.என்.ஏ. உயர்ந்து, எதிர்ப்பொருள் இல்லையென்றால் தொற்று, அமிலம் ஏறுதல், டி-அணுத் தாக்குதல் ஆகியவற்றை வரிசையாகத் தேட வேண்டும், முதலில் தொற்றை. எதிர்ப்பொருள் இருந்து, டி.என்.ஏ. தாழ்ந்தே இருந்தால், கடுமையான மருந்துகளை உடனே இறக்காமல் நெருக்கமாகக் கவனிக்கலாம். இரண்டுமே தாழ்ந்திருந்து, ஊதும் அளவும் நிலையாக இருந்தால், நோயாளியை ஒரு பயாப்ஸியிலிருந்து காப்பாற்றலாம்.

முறை வைத்துச் சொல்வதென்றால், டி.என்.ஏ. முன்னே நிற்க வேண்டிய காவல். எதிர்ப்பொருள் அதன் பின்னே நின்று காரணம் சொல்ல வேண்டிய சாட்சி. முதல் மூன்று மாத டி.என்.ஏ. சராசரியை வைத்து யாருக்கு ஆபத்து அதிகம் என்று வகைப்படுத்திக்கொண்டு, அவர்களை அடிக்கடி அழைத்துப் பார்ப்பதே அறிவுடைய வழி. அதற்குப் பின்னும் ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 1 சதவீதம் என்ற எல்லைக்கோடு பரவலாகப் பயன்பட்டாலும், 0.3இல் நிலையாக இருந்தவர் 0.9க்கு ஏறியிருப்பது, எப்போதும் 1.1இல் இருப்பவரைவிடக் கவலைக்குரியது. அவரவர் பழைய அளவோடுதான் அவரவரை ஒப்பிட வேண்டும்.

ஒரு பெரிய இடைவெளி இன்னும் நிரப்பப்படவில்லை. இந்தச் சோதனைகளைப் பார்த்து முன்கூட்டியே சிகிச்சை தொடங்கியவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்பதைப் பெரிய அளவிலான ஒப்பீட்டுச் சோதனை எதுவும் இதுவரை நிறுவவில்லை. முன்னறிவது வேறு, தடுப்பது வேறு. ஆபத்தை முன்னரே சொல்லிவிட்டு, கையில் மருந்து இல்லாமல் நோயாளியை அச்சத்தோடு வீட்டுக்கு அனுப்புவது முன்னேற்றம் ஆகாது. ஆகவே அடுத்த பத்தாண்டின் ஆய்வுப் பணம் புதுப்புதுக் குறியீடுகளைத் தேடுவதைவிட, இருக்கும் இவ்விரண்டையும் வைத்துச் சிகிச்சையை மாற்றினால் ஆயுள் நீள்கிறதா என்று சோதிப்பதில் செலவாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இது நமக்குத் தொலைவில் உள்ள செய்தி அல்ல. இந்தியாவில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் நகரங்களில் சென்னை ஒன்று. காசநோயும் பூஞ்சைத் தொற்றும் மலிந்த நம் நாட்டில், மேலை நாட்டு எல்லைக்கோடுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் நோயாளிகளின் டி.என்.ஏ., எதிர்ப்பொருள், ஊதும் அளவு மூன்றையும் ஒரே வரைபடத்தில் ஆண்டுக்கணக்கில் பதிந்து, மருத்துவமனைகள் தமக்குள் பகிர்ந்துகொண்டால்தான் நமக்கான எல்லைக்கோடு கிடைக்கும். அந்தப் பொதுப் பதிவேட்டை இங்குள்ள மையங்கள் சேர்ந்து தொடங்க வேண்டும்.

நுரையீரல் பெற்றவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. புதிய எதிர்ப்பொருள் தோன்றுவதற்கான காரணங்களில் நம் கையில் இருப்பது, மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பது. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை அதே வேளையில், அதே அளவில், ஒரு நாளும் விடாமல் போடுங்கள். வீட்டு ஸ்பைரோமீட்டரில் ஊதிக் குறித்துவையுங்கள்; அளவு 10 சதவீதம் இறங்கினாலே, 20 ஆகட்டும் என்று காத்திராமல், மருத்துவரை அழையுங்கள். ரத்தச் சோதனைக்குச் சொன்ன தேதியில் போங்கள். எந்தச் சோதனையும் நீங்கள் கொடுக்காத ரத்தத்திலிருந்து எதையும் சொல்லாது.